ஏழு மணி நேரலை

ஈரோடு ஜவுளிச் சந்தையில் கடை வேண்டுமானால், ஒரு நாள்கூடத் தவறாமல் இரண்டாயிரம் நாள் காலை ஏழு மணிக்கு நேரலையில் துணி விற்றிருக்க வேண்டும். வசுமதி விற்றிருந்தாள். ஒழுங்குச் சான்றிதழ் வாங்க அவள் மேடையேறியதும், அவளுடைய மிகக் கடினமான காலையை நேரலைச் செயலி தானே தேர்ந்தெடுத்துத் திரையில் ஓட்டியது.

ஆஸ்பத்திரி வராந்தா. கையில் நைட்டியுடன் சிரித்தபடி பேசிக்கொண்டிருக்கிறாள். அறைக்குள்ளிருந்து தம்பி பூபதியின் குரல் கேட்கிறது.

"அக்கா, அம்மா முழிச்சிருச்சு. உன்னத்தான் கேக்குது."

திரையிலிருந்தவள் சிரிப்பு மாறாமல் கையைப் பின்னால் நீட்டி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். "அடுத்தது மஸ்டர்ட் கலர். டபுள் எக்ஸெல் வரைக்கும் இருக்குங்க."

அன்று நேரலை முடிந்து அவள் உள்ளே போனபோது அம்மா உயிரோடு இல்லை. "நீ கூப்பிட்டது காதுலயே விழலடா" என்று தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உம்மேல தப்பில்லக்கா" என்று அவன்தான் ஒரு வருடமாகத் தேற்றிவந்தான்.

அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் பூபதி கைகளை மடியில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, சான்றிதழக் கொஞ்சம் எறக்குங்க" என்றார் புகைப்படக்காரர். "மொகமே தெரியல."