நாலே மேட்ச்

“ஸ்கேன் எல்லாம் வேணாம் டாக்டர். நான் இவரைக் கூட்டிட்டுப் போறேன்.” மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள் சத்யபிரியா. ஆட்டோவை வாசலிலேயே நிற்க வைத்திருந்தாள்.

“ஸ்கேன் எடுத்தாச்சும்மா. உக்காருங்க” என்றார் டாக்டர் சுந்தரராமன்.

அவருடைய மகள் சின்மயிக்குத் தாம்பரம் மைதானத்தில் ஃபுட்பால் சொல்லித்தருபவன் ஃபிரெடி. அன்று காலை முட்டி மடங்கி அவன் கீழே விழ, பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்தான் காரில் ஏற்றி இங்கே அழைத்து வந்திருந்தார்.

சத்யபிரியா கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப வலிக்குதா?”

“லைட்டாத்தான் கீது. நீ பயப்படாத.”

ஃபிரெடி கேமரூன்காரன். இருபத்து நாலு வயதில் சென்னை அணிக்கு ஆட வந்தவன். நாலே மேட்ச்தான். அதற்குள் ஸ்டேடியமே அவன் பெயரைக் கத்தியது. போர்ச்சுகலில் இருந்து ஒரு கிளப் அவனைக் கேட்டு ஆள் அனுப்பியது. அந்த வாரம் பயிற்சியில் முட்டி பிசகிக்கொண்டது. ஜவ்வு அறுந்துவிட்டது, இனி ஆடவே முடியாது என்று ஸ்கேனுக்குப் பிறகு முடிவானது.

வந்த ஆள் திரும்பிப் போனான். அணி கைகழுவியது. ஏஜென்ட் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

கைவிடாதவள் அணியின் பிசியோதெரபிஸ்ட் சத்யபிரியா ஒருத்திதான். அப்பா வேதசிரோமணி, என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லியும் கேட்காமல் அவனைக் கட்டிக்கொண்டு சிட்லபாக்கத்தில் குடித்தனம் வைத்தாள். தினமும் காலையில் அவன் காலடியில் உட்கார்ந்து முட்டிக்குக் கட்டுப் போடுபவளும் அவள்தான். வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டால், “என்னைவிட யாருக்குத் தெரியும் உன் காலை?” என்பாள்.

டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினார்.

“ஃபிரெடி, உங்க ஜவ்வு நல்லா இருக்கு. கிழிசலே இல்ல. இத்தனை வருஷம் காலைப் பொத்திப் பொத்தி வெச்சதுல தசைதான் இளைச்சுப் போச்சு. அதான் மடங்குது.”

“ஒட்டிக்கிச்சா சார்?” ஃபிரெடி மனைவியின் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “இந்தக் கைதான் சார். கொயந்தய மாரி பாத்துக்கினா என்னிய.”

சத்யபிரியா தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

“அப்போ நான் மறுபடி ஆடலாமா சார்?”

“வயசு என்ன?”

“முப்பத்தஞ்சு.”

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஃபிரெடியே சிரித்தான்.

“பரவால்ல சார். ஒயுங்கா நடந்தா போதும்.”

நடந்து பார்க்கிறேன் என்று எழுந்தவன், காலை ஆசையாக ஊன்றி ஊன்றி வராந்தாவுக்குப் போனான்.

கதவு சாத்திக்கொண்டதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அறுந்த ஜவ்வு தானா ஒட்டி இப்படிப் புதுசு மாதிரி ஆகாது, உங்களுக்கே தெரியும். அது அறுந்திருக்கவே இல்லம்மா. ஒரு மாசம் ரெஸ்ட் குடுத்திருந்தா எழுந்து ஓடியிருப்பார். அன்னிக்கு ஸ்கேன் பார்த்துட்டு எந்த முட்டாள் அப்படிச் சொன்னது?”

சத்யபிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

“நான்தான் சார். சொல்லிடாதீங்க... என்னை விட்டா அவருக்கு யாரு இருக்கா?”