மஞ்சள் நிறம்

சுகாதார ஆய்வாளர் சதாசிவன் அன்றும் சத்தியபாயின் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, இரண்டு சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் மஞ்சளானது.

சத்தியபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கணவன் கனகதாசின் கண்கள் கடைசியில் அந்த நிறத்தில்தான் இருந்தன.

“குளோரின் சரியாட்டுதான் இருக்கு அக்கா. பின்னே காமாலை வைரஸ் எப்படி சாகாம இருந்துது?”

“எதுக்கு சாரே தெனமும் வாறிய?”

“அன்னைக்கு நான் கிணத்துல போட்ட பிளீச்சிங் பவுடருக்கு வீரியம் இல்ல. கனகதாஸ் அண்ணனைக் கொன்னது நானாக்கும். வேலைய விடுகேன்னு எழுதிட்டேன். நாளைக்குக் கொடுத்திருவேன்.”

அவர் பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினார். சத்தியபாய் அவரைக் கூப்பிட்டாள். நாற்பது நாளாக யாரிடமும் சொல்லாதது ஒன்று அவளிடம் இருந்தது.

“சாரே, வேலைய விடண்டாம்.”

சதாசிவன் நின்றார்.

“பவுடர் போட்டு அரை மணிக்கூறு கழிஞ்சுதான் வெள்ளம் கோரணும்னு சொல்லிட்டுப் போனிய. அன்னேரந்தான் பாறசாலைல நடந்த ஊர்வலத்துல போலீசு அடிச்சு வெரட்டி, எங்க வீட்டுக்காரரு மூச்சு வாங்க ஓடிவந்து குடிக்க வெள்ளம் கேட்டாவ.”

சத்தியபாய் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க முக்கு திரும்புகதுக்கு முன்னால, நான் கோரிக் கொடுத்துட்டேன்.”