ஐந்தாம் நாள் சிரிப்பாள்

"அடிப்பீங்களா?"

எடுத்த எடுப்பிலேயே அப்படியொரு கேள்வி வரும் என்று கண்ணப்பன் எதிர்பார்க்கவில்லை. கேட்டவளுக்குப் பத்து வயது இருக்கும். பெயர் வேலம்மா. அவள் இடுப்பில் இருந்த ஒரு வயதுப் பெண் குழந்தை, அவள் மூக்கைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, அடிக்கிறதா! பன்னண்டு வருசமா ஒரு புள்ளைக்கு ஏங்கினு இருக்கோம் கண்ணு" என்றாள் அவன் மனைவி லோகாம்பாள். விடிந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் புதுத் துணியில் தூளி கட்டி வைத்துவிட்டு, ஏரியின் அக்கரையிலிருந்து புருஷனை விரட்டிப் படகோட்ட வைத்து வந்திருந்தாள்.

புயலில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளைப் பழவேற்காட்டில், ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்னால் இருந்த வலைக் கொட்டகையில் தங்க வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக் காத்தவர் மீனவர் தலைவர் பெரியசாமி. அவர் கண்ணப்பனின் காதருகே குனிந்தார்.

"சின்னதைக் கேட்டு ஏற்கெனவே ரெண்டு ஜோடி வந்துச்சுப்பா. ரெண்டு ஜோடியையும் வேணாம்னு அனுப்பிட்டா அக்காக்காரி. நாளைக்கு ஒல்லாந்தருங்க கப்பல் கெளம்புது. கேக்க ஆளில்லாத புள்ளைங்களைத் தரகன் அடிமையா வித்து ஏத்திடுவான். பாத்துப் பதில் சொல்லு."

கண்ணப்பனுக்கு வியர்த்துவிட்டது.

"இவ அழுதா இன்னா பண்ணுவீங்க?" வேலம்மா அடுத்த கேள்வியை வீசினாள்.

"ஆட்டுப்பால் காய்ச்சி..." என்று ஆரம்பித்தாள் லோகாம்பாள்.

"ஒத்துக்காது. வயித்தால போவும். கஞ்சித் தண்ணிய வடிகட்டிக் குடுக்கணும். காதைத் தேச்சுக்கினா தூக்கம் வருதுன்னு அர்த்தம். இடது தோள்ல போட்டாத்தான் தூங்குவா. எங்க சொல்லுங்க, எந்தத் தோளு?"

"இடது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வேலம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

"மொத நாலு நாளு உங்ககிட்ட வரவே மாட்டா. கத்துவா, கடிப்பா. ஏன்டா தூக்கினு வந்தோம்னு உங்களுக்கே அழுகை வரும். அப்பவும் வுட்டுடக் கூடாது. அஞ்சாவது நாளு உங்களைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க... அப்புறம் சோறு தண்ணி எதுவும் உங்களுக்கு ஞாபகம் வராது."

கண்ணப்பன் மெதுவாகக் கையை நீட்டினான். குழந்தை வீறிட்டு, அவன் விரலை நறுக்கென்று கடித்தது.

"லோகா, கடிச்சிட்டாடி! என்னைக் கடிச்சிட்டா!" என்று புதையல் எடுத்தவன்போலக் கூவினான் அவன்.

வேலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தூக்கினு போங்க" என்று குழந்தையை லோகாம்பாளின் கையில் கொடுத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று கொட்டகைக்குள் நடந்தாள்.

லோகாம்பாள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "நீ எங்க போற?"

"நீங்க ஒண்ணுதானே கேட்டு வந்தீங்க? ரெண்டுன்னா யாரும் கூட்டினு போக மாட்டாங்க. இவ பொழைச்சா போதும்."

"நல்லாக் கீதே கதை! இவளை எப்படி வளக்கறதுன்னு எங்களுக்கு யாரு சொல்லித் தருவா? நட படகுக்கு!"

மனைவி சொல்லி முடிப்பதற்குள் கண்ணப்பன் வேலம்மாவை அலாக்காகத் தூக்கியிருந்தான். "உனக்கு எந்தத் தோளும்மா? இடதா, வலதா?"

பெரியசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே படகை ஏரிக்குள் தள்ளிவிட்டார்.

காற்று வாகாக இருந்தது. பாய் புடைத்துக்கொண்டு படகு பறந்தது. குழந்தை விடாமல் கத்தியது. கேட்கக் கேட்கக் கண்ணப்பனுக்கு உற்சாகம் பொங்கியது. லோகாம்பாள் குழந்தையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மூக்கைப் பாரேன், எவ்ளோ அழகு! வேலம்மா, இது உங்கம்மா சாடையா, உங்க நைனா சாடையா?"

"தெரியாது அத்தே. இவ யாரு பெத்த புள்ளையோ" என்றாள் வேலம்மா. "பொயல் ஓஞ்சதும் எங்கம்மாவைத் தேடினு போனேன். தாழம்பொதர்ல மாட்டினு இவ அழுதுனு இருந்தா. அன்னியிலேர்ந்து நான்தான் தூக்கி வளக்கறேன்."