மேஜைக்கு அந்தப் பக்கம்

"போர்டைப் பார்த்துப் படிக்கிறது தெரியக் கூடாது. யோசிக்கிற மாதிரி முகத்தை வெச்சுக்க."

மகளின் சின்ன வொயிட்போர்டோடு மேஜைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டார் சாய்ராம்.

யோசிக்கிற மாதிரி முகம் வைப்பது அவர் மனைவி விஷாகாவுக்குக் கஷ்டமில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே அவள் முகம் அப்படித்தான் ஆகிவிடும். மன்னார்குடியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தாவரவியல் பாடம் நடத்தியவள், அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் யார் வீட்டு பேஸ்மென்ட்டிலோ சாஃப்ட்வேர் டெஸ்டிங் கற்றுக்கொண்டு, இன்று ஐ.டி. இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருக்கிறாள். நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் வேலை வேண்டும். கணவனை நம்பி டிபென்டென்ட் விசாவில் வந்து சாம்பார் வைத்தே வருஷங்கள் ஓடிவிட்டன; வேலை பார்க்க அனுமதி இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

"என்ன கேப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டெஸ்டிங்ல பதினஞ்சு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். இந்த கம்பெனி கேள்வியெல்லாம் எனக்கு அத்துப்படி. நீ சொந்தமா எதுவும் பேசிடாதே, அது போதும்."

திரையில் மேனேஜர் அனந்தலக்ஷ்மி வந்தார். ஊரை விசாரித்ததும் தமிழுக்கே மாறிவிட்டார்.

முதல் கேள்வி. சாய்ராம் எழுதிக் காட்டினார், விஷாகா படித்தாள். இரண்டாவதற்கும் அப்படியே. பிட் அடித்த பிள்ளைகளை முட்டி போட வைத்ததெல்லாம் ஞாபகம் வந்து அவளுக்குக் காது சூடானது.

"ஒரு ஆன்லைன் ஃபார்ம் இருக்கு. எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

சாய்ராம் வேகமாக எழுதினார். மார்க்கர் காய்ந்துவிட்டது. உதறினார், ஊதினார். போர்டில் வெறும் கீறல்தான் விழுந்தது.

"கடைசி பெஞ்ச் பசங்க மாதிரி டெஸ்ட் பண்ணுவேன், மேடம்." வாய் முந்திக்கொண்டது.

"புரியலையே."

"சொன்னபடி செய்யற பிள்ளையால ஒரு பிரச்சினையும் வராது. கடைசி பெஞ்ச் பையன் பேர் எழுதற இடத்துல போன் நம்பர் எழுதுவான். பிறந்த தேதிக்கு நாளைத் தேதி போடுவான். ஒரு தடவை அழுத்துன்னா பத்து தடவை அழுத்துவான். அத்தனையும் பண்ணிப் பார்ப்பேன்."

சாய்ராம் தலையில் அடித்துக்கொண்டார்.

அனந்தலக்ஷ்மி எதையோ குறித்துக்கொண்டார். "திங்கட்கிழமை சேர முடியுமா?"

விஷாகாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேலை கையில். சாய்ராமும் விரலை உதட்டில் வைத்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேடம், முதல் ரெண்டு பதிலும் என்னோடது இல்ல. என் ஹஸ்பண்ட் எழுதிக் காட்டினார். இங்கதான் உட்கார்ந்திருக்கார்."

"தெரியும். உங்க மூக்குக்கண்ணாடில போர்டும் தெரிஞ்சுது, அவர் வழுக்கையும் தெரிஞ்சுது. மூணாவது பதிலுக்குத்தான் இந்த வேலை. இதையும் நீங்களே சொல்றீங்களான்னு பார்த்தேன், சொல்லிட்டீங்க. அவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லுங்க."

காய்ந்த மார்க்கரோடு மெல்ல எழுந்தார் சாய்ராம்.

"வணக்கம், மிஸ்டர் சாய்ராம். போன மாசம் எங்கிட்ட இதே ரெண்டு பதிலைச் சொல்லித்தானே நீங்க செலக்ட் ஆகல? அதையே இவங்களுக்கும் சொல்லிக் குடுத்தா எப்படி?"