பச்சை மூங்கில்

மூங்கில் வெட்டுகிறவர்கள் காதுக்கருவி மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். வெட்டுப்பட்ட மூங்கிலின் வேதனை, ஈரம் காயும்வரை அந்தக் கருவியில் அழுகையாகக் கேட்கும். மூங்கில் வெட்டும் முனிரத்தினம் வீட்டுக்கு வந்ததுமே அதைக் கழற்றிவிடுவான். கூடை முடையும் அவன் மனைவி மாதம்மாள் அதைத் தொட்டதேயில்லை.

முந்தின நாள் அவர்களுடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது. பிள்ளையைக் கூடையில் வைத்துத்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று மாதம்மாள் பிடிவாதமாகச் சொன்னாள். முனிரத்தினம் மூங்கில் வெட்டி வந்தான். அவள் அவனுடைய கருவியை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, மூங்கிலைக் கீறி எடுத்த பச்சைப் பிளாச்சுகளைப் பின்னத் தொடங்கினாள்.

“கழட்டிடு மாதம்மா. இந்த அழுகைய நீ ஏன் கேக்கணும்?”

“நம்ம புள்ள அழவே இல்லியே. இதையாச்சும் கேட்டுக்கறேன்.”

கூடை முடியும்போது பிளாச்சுகளின் ஈரம் காய்ந்து, மூங்கிலின் அழுகை மெல்லத் தேய்ந்து நின்றது. அதன் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.