கரடிக்குப் பூஜ்யம்

"கரடிக்குப் பூஜ்யமா? உங்களுக்கு மூளை கீளை இருக்கா?" கணக்கு டீச்சர் எகிறினார்.

நூலகத்தில் பழைய புத்தகம் கழிக்கும் வேலை. புத்தகத்தின் நிலைமை, கேட்டு வருகிறவர்கள், அடைக்கிற இடம் என்று தனித்தனியாக மார்க் போட்டு, அலமாரிக்கா, பைண்டிங்குக்கா, கழிக்கவா என்று பிரிக்க வேண்டும். நூலகர், கணக்கு டீச்சர், வாசகர்கள் சார்பில் பேக்கரி அண்ணன். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு புத்தகம் நகரும்.

காலையிலிருந்து எதுவும் நகரவில்லை. எல்லாம் அண்ணன் கைங்கரியம்.

"அண்ணே, இந்தக் கரடிப் படப் புக்கு பளபளன்னு இருக்கு. பிள்ளைங்க அடிச்சுக்கிட்டு எடுக்குது," என்றார் நூலகர், பொறுமையை இழுத்துப் பிடித்து.

"அட்டை தேஞ்சுபோச்சும்மா. கரடி மூஞ்சியும் சரியில்ல. கழிச்சிடுங்க."

"அப்போ இந்த வருமான வரிச் சட்டம்? ஈ காக்கா தொடலையே!"

"ஐயையோ, அது பொக்கிஷம்மா! பத்துக்குப் பத்து. அலமாரியிலேயே இருக்கட்டும்."

நூலகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனைத் தேடிப்பிடித்துச் சேர்த்ததே அவர்தான்.

"உண்மையைச் சொல்லுங்க. கழிச்ச புக்கைக் கிழிச்சு பன் மடிக்கப் போறீங்களா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நாம கழிக்கிறதெல்லாம் ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுக்குத்தானே போகுது? நோய் தொத்தும்னு அங்க போன புக்கைத் திரும்ப வாங்கக்கூடாது, அதனால நல்ல புக்கை நாம இரவல் கொடுக்கிறதில்ல. நான் தினமும் அங்க ரொட்டி போடுறேன். போன தடவை இதே மாதிரி ஒரு சட்டப் புக்கு போச்சு. ஒரு குட்டிப் பொண்ணு அதை மடியில வச்சுக்கிட்டுப் பக்கம் பக்கமாப் புரட்டுது. என்னம்மா தேடுறேன்னு கேட்டேன். 'படம் எப்போ வரும் மாமா?'ங்குது."

நூலகருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டீச்சர் கரடியைக் கையில் எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மூஞ்சி கொஞ்சம் கோணல்தான்," என்று பூஜ்யம் போட்டார். நூலகரும் போட்டார்.

பிறகு நூலகர் எழுந்து போய், அன்றுதான் வந்திறங்கிய பெட்டியைப் பிரித்து, மை வாசனை போகாத ஒரு படப் புத்தகத்தை மேஜையில் வைத்தார்.

"இந்த யானை ரொம்பக் குண்டு. எக்கச்சக்கமா இடத்தை அடைக்குது. கழிச்சிடலாமா?"