குறிப்பேட்டில் ஏறிய சேவல்

"இந்த ஆளுக்கு நாடாளுமன்றம் ஒரு கேடா?"

லாப் எழுந்து கேட்டதும், ஹாய்ஃபாங் துறைமுகத்தை ஒட்டிய தெருக்காரர்களின் கூட்டம் நடந்த அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது.

ஹுவான் நிமிர்ந்து உட்கார்ந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தொழிலாளிகளுக்காக முப்பது வருடம் கத்தியவர். இந்தத் தேர்தலில், கட்சி நிறுத்தாமல் தானே மனுப் போட்டவர்.

லாப் அவருடைய அடுத்த வீட்டுக்காரர். கூடவே மூட்டை தூக்கியவர்.

எங்கள் வியட்நாமில் தேர்தல் என்பது வாக்குப்பெட்டி வருவதற்கு முன்பே முடிந்துவிடும். தானாக நிற்கிறவரை முதலில் அவர் தெருக்காரர்களே கூடி எடைபோட வேண்டும். ஒருவர் எழுந்து குறை சொல்வார். அது குறிப்பேட்டில் ஏறும். பிறகு கை தூக்கச் சொல்வார்கள். ஜனநாயகம் முடிந்தது.

கணவர் ஹுவான் தோற்பார் என்பது மியெனுக்குத் தெரியும். அவள் பயமே வேறு. போன தேர்தலில் பக்கத்து வட்டத்து வாத்தியாரை 'தேசத்துக்கு விரோதி' என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை.

இன்றும் கடைசி வரிசையில், தெருவில் யாரும் பார்த்திராத இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"சொல்லுங்க, தோழர் லாப்," என்றார் தலைமை தாங்கிய அம்மாள்.

"இவன் வளக்குற சேவல் விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே கத்துது!"

"சேவலா? முக்கியமான குற்றத்துக்கு வாங்க, தோழர்."

"இதைவிட முக்கியம் என்னம்மா இருக்கு? நாலு வருஷமா தூக்கம் இல்ல. பியர் குடிச்சா கரோக்கில பாடுவான். அதுக்கு அந்தச் சேவலே தேவல!"

கூடம் சிரித்தது.

"சதுரங்கத்துல தோத்தா காயைக் கலைச்சிடுவான். இவன அனுப்பினா அங்கயும் போய்க் கலைப்பான்!"

ஹுவான் துள்ளி எழுந்தார். "டேய் லாப்! தைரியம் இருந்தா அரசியல் பேசுடா!"

"பாத்தீங்களா? சேவல் மாதிரியே கத்துறான்!"

எதிராகக் கைகள் எழுந்தன. ஆதரவாக எழுந்தது ஒரே கை. அதுவும் ஹுவானுடையது.

அம்மாள் குறிப்பேட்டை அலுப்போடு வாசித்தார்: "சேவல் தொல்லை. பாட்டுத் தொல்லை. நிராகரிக்கப்பட்டார்."

கடைசி வரிசைக்காரர்கள் கொட்டாவி விட்டபடி வெளியேறினார்கள். மியெனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வாசலில் ஹுவான் லாப்பின் சட்டையைப் பிடித்தார்.

"துரோகி! முப்பது வருஷம் போராடினவனைக் கோழிக் கேஸ்ல தோக்கடிச்சிட்டியேடா! விரோதின்னு சொல்லியிருந்தாக்கூட தலை நிமிந்து போயிருப்பேன்!"

"போயிருப்ப. திரும்பி வந்திருப்பியா?"

லாப் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மியெனிடம் நீட்டினார்.

"காலைல கட்சி ஆபீஸ்ல கூப்பிட்டுக் குடுத்தாங்கம்மா. கூட்டத்துல இதை அப்படியே வாசிக்கணுமாம். கேட்டா, கண்ணாடியை வீட்டுலயே வெச்சிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

மியென் பிரித்தாள். தட்டச்சு செய்த ஒரே வரி.

'ஹுவான் அந்நிய எதிரிகளின் கையாள் என்பதற்கு நானே சாட்சி.'

கீழே லாப்பின் பெயர். கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் காலியாக இருந்தது.